எங்களைக் காக்க வைத்தவள்

அவள் வாயில் எப்போதும் இருந்த சொல் "பொறுங்க" என்பதுதான். பெரியவர்களுக்குப் "பொறுங்க", எனக்குப் "பொறுடி", சிங்களவர்களுக்கு "சுட்டக் இன்ன". மூன்றுக்கும் அர்த்தம் ஒன்றுதான். கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, விரலைப் பொத்தானில் வைத்துக்கொண்டு, அமுக்காமல் நிற்பாள். எதிரே நிற்பவர்களுக்குக் கழுத்து வலிக்கும், சிரிப்பு காய்ந்துபோகும், முகத்தில் அப்பிய பவுடர் வியர்வையில் வழியும். அதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

நாங்கள் இருந்தது கேகாலைக்குப் பக்கத்தில் ஓர் இறப்பர் தோட்டத்தில். லயம் என்கிற ஒரே வரிசை வீட்டில் அவள் வீட்டுக் காம்பராவும் எங்கள் காம்பராவும் அடுத்தடுத்து இருந்தன. நடுவில் இருந்த சுவர் கூரை வரைக்கும் போகாது. அங்கே பேசுவது இங்கே கேட்கும், இங்கே திட்டு வாங்கினால் அங்கே சிரிப்பார்கள். ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் படித்தோம். கேமரா வந்தது அவளுடைய தாய்மாமன் மூலமாக. அவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தார். யாரோ வேண்டாமென்று கொடுத்த பழைய பிலிம் கேமராவை ஒரு தீபாவளிக்குக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பிலிம் வீணாகிவிடுமே என்றுதான் இவள் இப்படிக் காத்திருக்கிறாள் என்று முதலில் நினைத்தேன். பிற்காலத்தில் பிலிமே இல்லாத கேமரா வந்த பிறகும் அப்படியேதான் நின்றாள் என்று கேள்விப்பட்டேன்.

"என்னத்துக்குடி ஆளுங்கள இப்படி நிக்க வச்சு கொல்ற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"படத்துக்குன்னு எல்லாரும் ஒரு மூஞ்சி வச்சிருக்காங்கல்ல, அது எறங்கணும். அது எறங்குன பொறவு வர்ற மூஞ்சிதான் அவங்க மூஞ்சி."

அவளுக்கு வேண்டிய அந்த மூஞ்சி எங்கள் ஆட்களுக்கு வேண்டாததாக இருந்தது. தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் கங்காணி தன் குடும்பத்தோடு படம் எடுக்க அவளைக் கூப்பிட்டார். கோட்டுப் போட்டு, மீசையை எண்ணெய் தடவி முறுக்கி, கதிரையில் துரை மாதிரி உட்கார்ந்தார். இவள் காத்திருந்தாள். கடைசிப் பயல் மூக்கை நோண்ட, கங்காணி திரும்பிப் பல்லைக் கடித்துக்கொண்டு கையை ஓங்க, அப்போது அமுக்கினாள். படம் கழுவி வந்தபோது லயத்தில் வயிறு வலிக்கச் சிரித்தோம், கங்காணி காதில் விழாமல்தான். மூன்று வாரம் அவர் அவளுடைய அப்பாவுக்குத் தோட்டத்தின் மோசமான மூலையில் இறப்பர்ப் பால் வெட்டக் கொடுத்தார். மாமா, அவளுடைய அப்பாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், அட்டைக் கடியோடு வந்து இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து கால்களைச் சொறிந்துகொண்டிருந்தார்.

ஆனாலும் அவளைக் கூப்பிடாமல் இருக்க முடியாது. எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. எழவு வீட்டில், சவப்பெட்டியை எடுப்பதற்கு முன், குடும்பத்து ஆட்கள் எல்லாரும் பெட்டியைச் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். உயிரோடு இருக்கும்போது குடும்பமாகப் படம் எடுத்துக்கொள்ள வசதியும் நேரமும் இல்லாதவர்களுக்குப் பல சமயம் அது ஒன்றுதான் குடும்பப்படம். டவுன் ஸ்டூடியோக்காரர் மலை ஏறி வருவதற்குள் நேரம் போய்விடும். அதனால் அவளைக் கூப்பிட்டார்கள்.

மேல் லயத்துக் கிழவர் ஒருவர் செத்தபோது நானும் போயிருந்தேன். வாசலில் தப்பு மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். தப்பு நின்றது. பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். மூத்த மகன் முதல்நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. தகப்பனோடு அவருக்குப் பேச்சு வார்த்தை இல்லை என்பது தோட்டத்துக்கே தெரியும். இவள் கேமராவைத் தூக்கினாள்.

"எடும்மா, நேரமாகுது" என்றார் ஒருவர்.

"பொறுங்க."

"மழ வரப்போவுது புள்ள!"

"பொறுங்க மாமா."

யாரும் அசையவில்லை. கூட்டம் முணுமுணுக்க ஆரம்பித்தது. இன்னும் கொஞ்சம் போனால் அடித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அப்போது மூத்த மகன் குனிந்து, பெட்டிக்குள் தகப்பன் நெற்றியில் ஒட்டியிருந்த பூவிதழ் ஒன்றை விரலால் எடுத்தார். எடுத்தவர் நிமிரவில்லை. அப்படியே உடைந்து அழுதார். அவள் அமுக்கினாள்.

"எங்க அண்ணன் மூஞ்சியே தெரியல, இது ஒரு படமா?" என்று தங்கச்சிக்காரி சண்டைக்கு வந்தாள். அந்தப் படத்தை அவர்கள் மாட்டவே இல்லை. மகன் மட்டும் அதை வாங்கித் தன் துணிப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது. எனக்கு அவளைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. பிணத்துக்கு முன்னாலேயே ஒருத்தரை நிறுத்தி வைத்து வேடிக்கை பார்க்க எப்படி மனசு வந்தது?

என் அம்மாவுக்கு அவள்மேல் கோபமே வராது. பால் வேலையா, வீட்டு வேலையா, அம்மா எல்லாவற்றையும் ஓடிக்கொண்டே செய்வாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளைக் கூப்பிட்டு, "அடியே, என்னையும் ஒண்ணு எடேன். ஐடென்டி கார்டுக்கு எடுத்தத தவிர எனக்கு ஒரு படமும் இல்ல" என்றாள். கலியாணத்துக்குக் கட்டின சீலையை எடுத்துக் கட்டிக்கொண்டு, குங்குமம் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அவள் காத்திருந்தாள். அம்மாவும் பொறுமையாக நின்றாள். வெயில் மறைந்தது, வந்தது, மறுபடியும் மறைந்தது. கடைசியில் அவள் கேமராவை இறக்கி, "வெளிச்சம் சரியில்ல அத்த. இன்னொரு நாளைக்கு நல்லா எடுப்போம்" என்றாள்.

"அதுக்கென்ன, நான் எங்க ஓடிப்போறேன்" என்று அம்மா சீலையை மடித்து வைத்துவிட்டு அடுப்புக்குப் போனாள்.

அது நாட்டில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். டவுனில் மணல் மூட்டை அடுக்கிய காவலரண்கள் இருந்தன. அடையாள அட்டை இல்லாமல் எங்கள் ஆட்கள் யாரும் பஸ் ஏற மாட்டார்கள். உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துப் பெறுபேறுக்காகக் காத்திருந்தபோது, அவளும் நானும் கேகாலைக்குப் போனோம். பஸ் நிலையத்தில் ஒரு கிழவி மரக்கறிக் கூடையின்மேல் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். இவள் கேமராவைத் தூக்கினாள். கிழவிக்குப் பின்னால் காவலரண் இருந்ததை அவள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். "எடுத்துட்டு வாடி, போவோம்" என்று கையைப் பிடித்து இழுத்தேன். வழக்கம்போல நின்றாள்.

ஒரு பொலிஸ்காரர் வந்துவிட்டார். "நங்கி, மொகத மே கரன்னே?" என்ன செய்கிறாய் என்று கேட்கிறார். அவள் கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமல் சொன்னாள்.

"சுட்டக் இன்ன மஹத்தயா."

துப்பாக்கி வைத்திருக்கிற மனுசனைக் கொஞ்சம் பொறுங்கள் என்கிறாள்! அவர் அவளுடைய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார், தமிழ்ப் பெயர். கேமராவை வாங்கினார். எங்கள் இரண்டு பேரையும் உள்ளே கொண்டுபோய் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். யாருக்காகப் படம் எடுக்கிறாய், எங்கே அனுப்புகிறாய் என்று மாறி மாறிக் கேட்டார்கள். அவள் நல்ல சிங்களத்தில் அமைதியாகப் பதில் சொன்னாள். நான் அழுதேன். பொழுது சாயும் நேரத்தில் மாமாவும் தோட்டத்துச் சங்கத் தலைவரும் வந்தார்கள். தலைவருக்கு டவுனில் நாலு பேரைத் தெரியும். அவர் யாரையோ பிடித்து, எதற்கோ கையெழுத்துப் போட்டு எங்களை வெளியே கொண்டுவந்தார். பிலிமை உருவிவிட்டுக் கேமராவைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

வேனில் வரும்போது தலைவர் சொன்னார்: "இத்தோட இந்த எழவ தூக்கிப் போட்டுரு. படிக்கிற புள்ள நீ. கெம்பஸ் போற வழியப் பாரு. நம்ம தோட்டத்துல இருந்து இன்னும் ஒரு ஆளு கெம்பஸ் போகலன்னு எனக்கு எம்புட்டு வெக்கமா இருக்கு தெரியுமா?"

மாமா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். அவர் சட்டையில் ஒட்டுப்பால் வாடை. வேலைத்தலத்திலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தார்.

பெறுபேறு வந்தது. அவளுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தது, தலைவர் சொன்ன அந்தக் கெம்பஸ். எனக்கு வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது. எங்கள் வாத்தியார், சேர் என்றுதான் அவரைச் சொல்வோம், என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கிடைச்சவங்க யாராவது போகலேன்னா அந்த எடத்துக்கு அடுத்த ஆள எடுப்பாங்க. நீ கிட்டத்துல நிக்கிற. நம்பிக்கைய விட்ராத" என்றார். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. சின்ன வயதிலிருந்து நான் கண்ட கனவு அது ஒன்றுதான். பால் வாளியும் கூடையும் இல்லாமல், புத்தகத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடக்கிற ஒரு வாழ்க்கை.

அடுத்த வாரமே இன்னொரு செய்தி வந்தது. கொழும்பில் ஒரு கலைக் கல்லூரி. அவள் யாரிடமும் சொல்லாமல் தாய்மாமன் கையில் சில படங்களைக் கொடுத்தனுப்பியிருக்கிறாள், எழவு வீட்டுப் படமும் அதில் ஒன்று. பார்த்தவர்கள் கட்டணம் இல்லாமலே புகைப்படம் படிக்க வா என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் சண்டைதான்.

"கெம்பஸ் போனா நாளைக்கு நீ ஒரு டீச்சரு" என்பார் மாமா. "போட்டோ படிச்சா? எழவு வீட்டு போட்டோக்காரி. அதுக்கா நான் அட்டக்கடி பட்டேன்?"

"பொறுங்கப்பா."

"எதுக்குப் பொறுக்கணும்? போறேன்னு ஒரு வார்த்த சொல்லு!"

நான் இந்தப் பக்கம் பாயில் படுத்துக்கொண்டு, போகாதே, போகாதே, கொழும்புக்குப் போ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருப்பேன். என் அம்மா எல்லாம் தெரிந்தும் ஒன்றும் கேட்க மாட்டாள்.

தலைவர் சும்மா இருக்கவில்லை. மாரியம்மன் கோயிலில் பாராட்டு விழா வைத்து, மேளத்தோடு அவளுக்கு மாலை போட்டார். கோயில் வாசலில் பெரிய பேனர். ஊரையெல்லாம் படம் எடுத்தவளிடம் தன்னுடைய படம் ஒன்று இல்லை. அடையாள அட்டைப் படத்தையே பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். காது இரண்டும் விறைத்துக்கொண்டு நிற்க, திருடி மாதிரி முழித்துக்கொண்டிருந்தாள். மேடையில் மாலையோடு நின்றவளும் கிட்டத்தட்ட அதே முகத்தோடுதான் நின்றாள்.

மறுநாள் தண்ணீர்ப் பீலியில் துணி துவைக்கும்போது நான் நேராகவே கேட்டேன். மறைத்துப் பேச எனக்குத் தெரியாது.

"நீ எங்கடி போகப்போற?"

"தெரியல."

"எனக்குத் தெரியணும். நீ கெம்பஸ் போகலேன்னா அந்த எடம் எனக்கு வரலாம்னு சேர் சொன்னாரு."

"தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா இருக்க? போறதுன்னா போ, நான் அழுதுட்டு வேற வேலயப் பாக்குறேன். போகலேன்னா இன்னைக்கே சொல்லிரு."

அவள் நனைந்த சட்டையைக் கல்லில் போட்டுவிட்டு அப்படியே நின்றாள். அது மாமாவின் வேலைச் சட்டை. "கொழும்புக்குப் போனா நான் நல்லா எடுப்பேன்டி. அது எனக்கு நிச்சயமாத் தெரியும். கெம்பஸ் போனா அப்பா தல நிமுந்து நடப்பாரு. அதுவும் நிச்சயமாத் தெரியும். ரெண்டும் கண்ணு முன்னுக்கு நிக்குது. எதுல கைய வைக்க?"

"எதுலயாவது வையி!"

"பொறுடி. இன்னும் கொஞ்சம் பொறு."

வாளியை எட்டி உதைத்துவிட்டு வந்தேன். அன்று முதல் அவளோடு பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் எடுக்கும்போது, கடைக்குப் போகும்போது, கோழிக்குத் தீனி போடும்போது. அவள் படம் எடுக்கும்போது மற்றவர்களைப் பார்ப்பாளே, அப்படி. அந்த முகம் இறங்கவே இல்லை.

கண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் பதிவுக்குப் போகவேண்டிய நாள் வந்தது. விடியற்காலையிலேயே கண்டி வீதிக்கு இறங்கினார்கள். மாமா வேலைக்குப் போகாமல் வெள்ளைச் சட்டை போட்டு, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். தலைவர் மாலையோடு நின்றார். லயத்து ஆட்கள் பாதிப்பேர் வந்திருந்தார்கள். நானும் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

கண்டி பஸ் வந்து நின்றது. கொண்டக்டர் கதவைத் தட்டி, "நகின்ன, நகின்ன" என்று ஏறச் சொல்லிக் கத்தினார். அவள் அசையவில்லை.

"ஏறும்மா" என்றார் மாமா.

"பொறுங்கப்பா."

கொண்டக்டர் பொறுக்கவில்லை. பஸ் போய்விட்டது. பரவாயில்லை, அடுத்ததில் போகலாம் என்று தலைவர் சிரித்துச் சமாளித்தார். அடுத்த பஸ்ஸும் வந்து, நின்று, போனது. இப்போது யாரும் சிரிக்கவில்லை. மாமா பெட்டியைத் தலையிலிருந்து இறக்காமலே நின்றுகொண்டிருந்தார். நெற்றியில் வியர்வை வழிந்து கண்ணுக்குள் போனது, துடைக்கக் கை இல்லை. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கிட்டே போய், பெட்டியை அவர் தலையிலிருந்து மெதுவாக இறக்கி வாங்கினாள். தன் தாவணியால் அவர் நெற்றியைத் துடைத்தாள்.

"அப்பா, நான் அந்தப் பக்கம் போறேன்" என்றாள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீதியைக் கடந்தாள். எதிர்ப்பக்கம் கொழும்பு பஸ்கள் நிற்கும் இடம். யாரும் தடுக்கவில்லை, தடுக்கத் தோன்றவில்லை. பஸ் வந்தது. ஏறினாள். தலைவர் கையில் மாலை அப்படியே இருந்தது. மாமா வெறும் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தார்.

மாமாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது, ஆனால் உள்ளே ஒரு குரல் அந்த இடம் எனக்கு, அந்த இடம் எனக்கு என்று கத்திக்கொண்டே இருந்தது. வீட்டுக்குப் போகாமல் நேரே சேர் வீட்டுக்கு ஓடினேன். அவர் யார் யாருக்கோ போன் எடுத்தார். போனை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"வெற்றிடம் நிரப்புற காலம் முடிஞ்சு போச்சாம் பிள்ள. ஒரு கிழமைக்கு முன்னுக்கு அவ வேணாம்னு அறிவிச்சிருந்தா செஞ்சிருக்கலாமாம்."

அந்த வருடம் எங்கள் தோட்டத்திலிருந்து யாரும் பல்கலைக்கழகம் போகவில்லை. இரண்டு பேரில் ஒருத்தி போயிருக்கலாம். அவள் காத்து நின்றதில் அந்த இடம் யாருக்கும் இல்லாமல் போயிற்று. கோயில் வாசல் பேனரை யாரோ கழற்றி எங்கள் லயத்துக் கடைசியில் விறகுக் குவியல்மேல் போர்த்திவிட்டார்கள். மழைக்கு நல்ல பாதுகாப்பு. தினமும் விறகு எடுக்கப் போகும்போது அந்த முழித்த கண்ணைப் பார்ப்பேன். வாய்விட்டுத் திட்டுவேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவளை அவ்வளவு வெறுத்தேன்.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியையாகச் சேர்ந்தேன். அவள் பொங்கலுக்கு, தீபாவளிக்கு வருவாள். மாமா மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தார். நான் பேசவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டால் இந்தப் பக்கம் றேடியோவைக் கூட்டி வைப்பேன்.

நாட்டுச் சண்டை முடிந்த வருடம் என் அம்மா செத்துப் போனாள். காய்ச்சல் என்று படுத்தவள், எழும்பவே இல்லை. மாமா தன் மகளுக்குச் சொல்லியிருக்கிறார். விடிந்ததும் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தாள். கழுத்தில் பெரிய புதுக் கேமரா. என்னைப் பார்த்தாள், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பெட்டிக்குள் அம்மா கலியாணச் சீலையோடு கிடந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை கட்டிக்கொண்டு நின்றது அதே சீலைதான். வெளிச்சம் சரியில்லை என்று மடித்து வைத்தது.

தப்பு நின்றது. படத்துக்கு எங்களைச் சுற்றி நிற்க வைத்தார்கள். அவள் பழக்கம் எல்லாருக்கும் தெரியும் என்பதால் பெரியப்பா முன்கூட்டியே பெருமூச்சு விட்டார். சித்தி இன்னும் முந்தானையை இழுத்துச் சரி செய்துகொண்டிருந்தாள். அவள் கேமராவைத் தூக்கினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தச் சொல்லுக்காக நின்றேன். என் அம்மாவுக்கு முன்னால் அவள் அதைச் சொன்னால் கேமராவைப் பிடுங்கி எறிந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

க்ளிக் என்றது.

எனக்குப் புரியவில்லை. யாருக்குமே புரியவில்லை. "எடுத்தாச்சா?" என்றார் பெரியப்பா.

"எடுத்தாச்சு" என்றாள். கேமராவை இறக்கியபோது கண்ணெல்லாம் தண்ணீர். எனக்குப் பக்கத்தில் வந்து நின்று, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "ஒன்னயக் காக்க வச்சதெல்லாம் போதும்டி."

அவள் தோளில் சாய்ந்து அப்போதுதான் அழுதேன்.

அவள் எடுத்ததிலேயே மோசமான படம் அதுதான். பெரியப்பாவின் கண் பாதி மூடியிருக்கிறது. சித்தியின் முகத்தை அவள் கையே மறைக்கிறது. நான் யாரையோ கொல்லப் போகிறவள் மாதிரி நிற்கிறேன். அம்மாவின் முகத்தில் பாதிதான் தெரிகிறது. அதைத்தான் சட்டம் போட்டு முன் காம்பராவில் மாட்டியிருக்கிறோம். வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "யாரு எடுத்தது இத? கொஞ்சம் பொறுத்து எடுத்திருக்கக் கூடாதா?" என்று கேட்பார்கள். நான் தேத்தண்ணி போட உள்ளே போய்விடுவேன்.